கீபோர்டு மீது டீ கொட்டி விட்டதா? காய வைத்தால் மட்டும் போதாது!

கோட்டைப்பட்டினம்,

கம்ப்யூட்டர் கீபோர்டு மீது டீயோ, காபியோ, கலரோ கொட்டி விட்டால் பலரும் செய்வது ஒன்றுதான். துணியால் துடைப்பார்கள். வெயிலில் வைப்பார்கள். மறுநாள் போட்டுப் பார்ப்பார்கள். ஓடினால், "தப்பிச்சோம்டா சாமி" என்று மூச்சு விடுவார்கள்.

பத்து நாள் கழித்து ஒரு எழுத்து விழாது. பிறகு இன்னொன்று மக்கர் செய்யும். கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இந்தத் தொல்லை சீக்கிரமே வந்து விடும். தண்ணீர் காய்ந்து போகும். அதில் கரைந்திருந்த சர்க்கரையும் உப்பும் உள்ளேயே தங்கி விடும். அதுதான் காரணம்.

உள்ளே நடப்பது என்ன?

சாதாரண கீபோர்டின் பொத்தான்களுக்கு அடியில் மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இருக்கின்றன. மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் ஓடும் கோடுகள் உண்டு. நடுத்தாளில் ஓட்டைகள். பொத்தானை அமுக்கினால் ஓட்டை வழியாக இரண்டு கோடுகளும் தொட்டுக்கொள்ளும். எழுத்து விழும்.

டீ இந்தத் தாள்களுக்கு நடுவே புகுந்து விட்டால், அமுக்காமலே எழுத்து விழும். அல்லது அமுக்கினாலும் விழாது. பாலும் சர்க்கரையும் காய்ந்து பசை போல ஒட்டிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே மின்சாரம் ஓடினால் கோடுகள் அரித்துப் போகும். அப்புறம் வைத்தியமே கிடையாது.

கடல் காற்றின் கைவரிசை

சாப்பாட்டு உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கசிய ஆரம்பித்து விடும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

பாக் ஜலசந்திக் கரையில் இருக்கும் ஊரில் இரவுக் காற்றுக்குச் சொல்லவா வேண்டும்? கடல் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. மீன்பிடி தளத்திலோ, படகிலோ லேப்டாப்பில் உப்புத் தண்ணீர் பட்டு விட்டால், பகலில் காய்ந்தது இரவில் மறுபடி ஈரமாகும். ஆகவே முதலில் உப்பைக் கழுவ வேண்டும். பிறகுதான் காய வைக்க வேண்டும்.

உடனே செய்ய வேண்டியது

தனிக் கீபோர்டு என்றால் முதலில் ஒயரைப் பிடுங்குங்கள். கவிழ்த்துப் பிடித்து வடிய விடுங்கள். "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று பொத்தான்களைத் தட்டக்கூடாது.

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கிக் கழுவலாம். (ஆசிட்டை வாங்கி விடாதீர்கள்!) அது கிடைக்கும் வரை நல்ல தண்ணீரிலாவது அலசலாம். இது ஒயர் உள்ள சாதாரண கீபோர்டுக்கு மட்டும். பிறகு மின்விசிறிக் காற்றில் நிழலில் இரண்டு, மூன்று நாள் காய வேண்டும். அவசரப்பட்டு நடுவில் மாட்டக்கூடாது.

லேப்டாப்புக்குத் தனி வைத்தியம்

லேப்டாப்பில் கீபோர்டுக்கு நேர் கீழே மதர்போர்டு இருக்கிறது. ஆகவே வீட்டில் கழுவும் வேலை வேண்டாம்.

சார்ஜரைப் பிடுங்குங்கள். பவர் பட்டனை அணையும் வரை அழுத்திப் பிடியுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கழற்றுங்கள். விரித்தபடியே கூடாரம் போலக் கவிழ்த்து, ஒரு துண்டின் மேல் வையுங்கள். அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். கொட்டியது தண்ணீரா, டீயா, உப்புத் தண்ணீரா என்று மறைக்காமல் சொல்லுங்கள். அதைப் பொறுத்துத்தான் வைத்தியம்.

முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டக்கூடாது. பிளாஸ்டிக் நெளியும், ஈரம் இன்னும் உள்ளே போகும். அரிசி மூட்டைக்குள் புதைப்பதும் வீண். நனைந்த ஐபோனை அரிசியில் போட வேண்டாம், துகள்கள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் கம்பெனியே 2024-ல் எச்சரித்தது.

ஆகாயத்திலும் இதே கதை!

2019 பிப்ரவரியில் பிராங்க்பர்ட்டில் இருந்து மெக்சிகோவின் கான்கூனுக்கு ஒரு ஏர்பஸ் ஏ-330 விமானம் பறந்தது. உள்ளே 300-க்கும் மேற்பட்டோர். விமானியின் மூடியில்லாத காபிக் கோப்பை சரிந்து, பேச்சுத் தொடர்புக் கருவி மீது காபி கொட்டியது. கருவி சூடேறிப் புகைந்தது. அட்லாண்டிக் கடலைத் தாண்ட முடியாமல் விமானம் அயர்லாந்தின் ஷானனில் இறங்கியது. கோப்பை தாங்கியின் அளவுக்குக் கோப்பை பொருந்தாததும் ஒரு காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

செலவு யார் தலையில்?

தனிக் கீபோர்டு போனால் சில நூறு ரூபாய். லேப்டாப் போனால் பல ஆயிரம். சாதாரண வாரண்டியில் பொதுவாகத் தண்ணீர் சேதத்துக்கு இடமில்லை. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தால் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. அப்படிப்பட்ட வீட்டில் ஒன்று கெட்டால் அடுத்தது வாங்குவது லேசில்லை.

ஒரு பொத்தான் மட்டும் போயிருந்தால் லேப்டாப்பையே மாற்ற வேண்டாம். தனிக் கீபோர்டை யு.எஸ்.பி.யில் மாட்டி வேலையை முடிக்கலாம். மார்க் ஷீட்டு, விண்ணப்பம், கல்யாணப் போட்டோ எல்லாவற்றையும் அன்றைக்கே ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்து விடுங்கள். டீ டம்ளரை மேஜையின் மறு பக்கம் தள்ளி வையுங்கள்.