சுக்கான் இல்லாத வாகனம்

2016 பெப்ரவரியில் கம்பளைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரு பெரிய பிளாஸ்திக் உறையும் அதோடு கட்டியிருந்த மின்னணுக் கருவிகளும் வானத்திலிருந்து வந்து விழுந்து கிடந்தன. கூகுளின் ‘லூன்’ திட்டத்துப் பலூன் அது. இலங்கைக்கு மேலே பறந்தபடி இணைய வசதி கொடுக்க முடியுமா என்று பார்ப்பதற்காகத் தென் அமெரிக்காவில் ஏவியிருந்தார்கள். விழவில்லை, திட்டப்படிதான் இறக்கினோம் என்று விளக்கமும் வந்தது. விழுந்ததோ இறக்கியதோ, அது கிடக்கட்டும். தள்ளிக்கொண்டு போக எஞ்சின் இல்லை, திருப்பச் சுக்கான் இல்லை; அப்படிப்பட்ட ஒரு பை அத்தனை கடலையும் தாண்டி இந்தச் சின்னத் தீவுக்கு எப்படி வந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

விடை மலைநாட்டு அட்டன் வானத்திலேயே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் ஆடி மாதத்தில், மழை கொஞ்சம் விட்டு மேகம் விலகும்போது அண்ணாந்து பாருங்கள். மலையை உரசிப் போகும் கறுத்த மேகம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். அதற்கு மேலே வெகு உயரத்தில் பஞ்சிழை போன்ற வெண்மேகம் தெரிந்தால், அது பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே நகரும். ஒரே வானத்தில் எதிரெதிராக இரண்டு காற்று. பலூன்காரருக்கு இடம் வலம் திரும்ப வழியில்லை. ஏறலாம், இறங்கலாம், அவ்வளவுதான். போக வேண்டிய பக்கம் அடிக்கும் காற்று எந்த உயரத்தில் இருக்கிறதோ, அங்கே போய் நிற்பதுதான் அவருடைய வித்தை.

வாயுப் பலூனில் ஏறுவதற்கு மணலைக் கொட்ட வேண்டும். இறங்குவதற்கு வால்வைத் திறந்து வாயுவை விட வேண்டும். கொட்டிய மணலும் விட்ட வாயுவும் திரும்பி வராது. ஆகவே பலூன் பந்தயம் வேகப் பந்தயம் அல்ல, சிக்கனப் பந்தயம். 1906 செப்டெம்பர் 30 அன்று பாரிஸின் துயிலரி தோட்டத்திலிருந்து முதலாவது கோர்டன் பெனட் போட்டிக்கு 16 பலூன்கள் கிளம்பின. புறப்பட்ட இடத்திலிருந்து அதிக தூரத்தில் இறங்குபவருக்கே வெற்றி. காற்று கடல் பக்கம் திரும்பியதும் பலர் பிரெஞ்சுக் கரையிலேயே இறங்கிவிட்டார்கள். அமெரிக்க இராணுவத்தின் லெப்டினன்ட் ஃபிராங்க் லாம் இரவோடு இரவாக ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 647 கிலோமீற்றர் தள்ளி இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் போய் இறங்கி வென்றார். மோட்டார் கார் புகழ் ரோல்ஸ் மூன்றாமவராக வந்தார். அவருடைய கூடையில் இருந்தவர் பிரித்தானியப் படையின் பலூன் பிரிவைச் சேர்ந்த கேப்பர். முதற்பந்தயத்திலேயே பட்டாளத்துக்காரர்கள் முன்னால் நின்றார்கள்.

ஆனால் போர்க்களத்தில் இந்தக் காற்று விளையாட்டை இராணுவம் நம்பவில்லை. பலூனைக் கயிற்றில் கட்டி, வேவு பார்க்கும் கோபுரமாக வைத்துக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்கள் 1794லேயே ஃப்ளூருஸ் போரில் இதைச் செய்துவிட்டார்கள். பிரித்தானியாவில் 1878இல் இந்த வேலையைத் தொடங்கிவைத்தவர் ஜேம்ஸ் டெம்ப்ளர். சாதாரணத் துணி ஐதரசனைக் கசிய விட்டதால், மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வை அடுக்கடுக்காக ஒட்டிப் பலூன் செய்தார்கள். ஒட்டும் பக்குவம் ஒரே குடும்பத்தின் கையில் இரகசியமாக இருந்தது. வாயுவை எஃகுக் குழாய்களில் அடைத்து வண்டியில் கொண்டுபோனார்கள். 1899இல் தென்னாபிரிக்காவில் பிரித்தானியரோடு போரிட்ட போயர்கள் லேடிஸ்மித் நகரை முற்றுகையிட்டபோது உள்ளே ஒரு பிரித்தானியப் பலூன் பிரிவு இருந்தது. வாயு தீரும்வரை அது எதிரியின் பீரங்கிகளைக் காட்டிக்கொடுத்தது. தீர்ந்த பிறகு வெறும் சவ்வு.

மலைநாட்டுக்கும் இந்தப் போருக்கும் தொடர்பு உண்டு. 1900 ஆகஸ்டிலிருந்து போயர் கைதிகளைக் கப்பலில் கொழும்புக்குக் கொண்டுவந்து, அட்டன், நானுஓயா வழியே செல்லும் ரயில்பாதையில் தியத்தலாவை முகாமுக்கு ஏற்றினார்கள். அங்கே அடைபட்டவர்கள் சுமார் ஐயாயிரம் பேர்.

அவர்கள் விட்டுவந்த நாடும் மேட்டுநிலம்தான். உயரம் பலூனுக்கு ஆகாது. 280 கன மீற்றர் ஐதரசன் கடல் மட்டத்தில் உறை, கூடை, ஆள் எல்லாமாகச் சுமார் 310 கிலோ தூக்கும். 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் அதே கனவளவு வாயு 260 கிலோ அளவுதான் தூக்கும். காற்று அங்கே ஐதாக இருக்கிறது. பலூன் விலக்கும் காற்றின் எடையே அதைத் தூக்கும் விசை. தென்னாபிரிக்க மேட்டுநிலத்தில் பிரித்தானியப் பலூன்காரர்கள் பட்ட சிரமத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் பார்த்த லூன் பலூனில் மணல் மூட்டை இருக்கவில்லை. உள்ளே இன்னொரு பை இருந்தது. அதற்குள் வெளிக்காற்றை அடைத்தால் கனம் கூடி இறங்கும், வெளியேற்றினால் ஏறும். ஹீலியம் வீணாகவில்லை. எந்த உயரத்தில் எந்தக் காற்று என்று கணினி கணக்குப் போட்டுச் சொன்னது. லாம் செய்ததும் இதே வேலைதான், ஆனால் அவர் மணலைக் கொட்டிச் செய்தார். இலாபம் வராது என்று கூகுளின் தாய் நிறுவனம் 2021இல் லூனை மூடிவிட்டது. கோர்டன் பெனட் போட்டி இன்றும் நடக்கிறது, மணல் மூட்டைகளோடு.