விசாரணை அறிக்கைக்காகக் காத்திருக்காதீர்கள்

விமான விபத்தில் வீட்டு ஆளைப் பறிகொடுத்தவர்கள் இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். "விசாரணை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். அல்லது நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் வளைகுடா வேலைக்கோ பிள்ளையைப் பார்க்கவோ யாரும் விமானம் ஏறாத தெரு குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் மேலெழும்பிய சற்று நேரத்தில் விழுந்தது. உள்ளே இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். இரு என்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் அடுத்தடுத்து 'கட்-ஆஃப்' நிலைக்குப் போனதாக முதற்கட்ட அறிக்கை சொன்னது. விமான விபத்து விசாரணைப் பிரிவின் வேலை அடுத்த விபத்தைத் தடுப்பது. இழப்பீடு வாங்கித் தருவது அதன் வேலையல்ல. அதே ஆண்டு ஜனவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் ராட்னஸ்ட் தீவில், கிளம்பும்போதே சீபிளேன் விழுந்து மூவர் இறந்தார்கள். அங்கும் விசாரணைக்கு இதே எல்லைதான்.

இழப்பீட்டுக்கு வழி வேறு. வெளிநாட்டுப் பயணத்துக்கு மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். 1972ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் வழியாக அது இங்கே நடைமுறையில் இருக்கிறது. ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒரு வரம்பு வரை நிறுவனத்தின் தவறை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் இழப்பு எவ்வளவு என்பதை நாம்தான் காட்ட வேண்டும். சம்பளச் சீட்டு, படிவம் 16, பி.எஃப். கணக்கு, வங்கி பாஸ்புக் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வழக்குக்குக் கெடு இரண்டே ஆண்டுகள். விசாரணை இழுத்தாலும் கெடு நகராது. அகமதாபாத் குடும்பங்களுக்கு அது 2027 ஜூனில் முடிகிறது. இந்தியாவுக்கு விமானம் விடும் நிறுவனமானால், பயணியின் நிரந்தர வீடு இங்கே என்ற காரணத்தாலேயே இங்கே வழக்குப் போடலாம்.

இனி காகிதங்கள். இறப்பு, இறந்த ஊரில்தான் பதிவாகும். அகமதாபாத்தில் இறந்தவருக்கு ஆவடி மாநகராட்சியில் சான்று கேட்டு அலைவது வீண். அந்தச் சான்று கைக்கு வந்தபின், இறந்தவர் குடியிருந்த வட்டத்தின் தாசில்தாருக்கு இ-சேவை மையம் வழியாக வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகவும் ரேஷன் கார்டில் வெறும் இனிஷியலாகவும் இருக்கும்; அதைக் காட்டியே மனுவைத் திருப்பி அனுப்புவார்கள், காரணத்தை எழுதித் தரவும் மாட்டார்கள். எழுத்தில் கேளுங்கள். நிராகரித்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. கட்டிக்கொடுத்த மகளையும் பெற்ற தாயையும் பட்டியலில் விடாதீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இருவரும் முதல் வகுப்பு வாரிசுகள். விட்டால் பின்னால் ஆட்சேபம் வரும், காலமும் போகும்.

இடைக்காலத் தொகை வாங்கலாம். ஏர் இந்தியா 25 லட்சம் அறிவித்தது. டாடா குழுமம் ஒரு கோடி அறிவித்தது. இடைக்காலத் தொகையை வாங்கியதால் உரிமை போகாது, இறுதித் தொகையில் அது கழிக்கப்படலாம், அவ்வளவுதான். ஆனால் 'முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்' என்ற வரி தாளில் இருந்தால் வக்கீல் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. திருவள்ளூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், இரண்டு ஆண்டுகள்தான்.