விடர் விற்பனைக்கு! – ஒரு விளம்பரத்துக்கு உரை

நூல்களுக்கு உரை சொல்வதிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட யான், ஒரு காணி விற்பனை விளம்பரத்துக்கு உரை எழுத நேரும் என்று எண்ணியதே இல்லை. என்னிடம் முன்னாளிற் பயின்று, இப்போது அமெரிக்காவின் மேற்குப் புறத்தில் வாழும் மாணவர் ஒருவர் அனுப்பிய கடிதத்துள் அவ்விளம்பரத்தின் நறுக்கு இருந்தது. மலைவிடர் ஒன்றினுள் அமைந்த பெரிய மேய்ச்சற் பண்ணை விற்பனைக்கு உண்டு. மாடு மேய்க்க ஏற்றது. வேட்டைக்கும் உகந்தது என்பன அதன் சாரம். நறுக்கின் ஓரத்தில், "பண்டிதர் ஐயா, ஒரு பள்ளத்தாக்கை ஒருவர் விலைக்கு வாங்க முடியுமா?" என்று அவர் எழுதியிருந்தார். அவ்வினா என்னை விட்டு அகலவில்லை. ஆதலின், அவ்விளம்பரத்தைச் சொற்சொல்லாகப் பிரித்துப் பொருள் காண முற்பட்டேன்.

முதலாவது சொல் விடர். ஆங்கிலத்தார் 'கன்யன்' என வழங்கும் சொல் ஸ்பானிய மொழியிலிருந்து பெறப்பட்டது. அதனைப் பள்ளத்தாக்கு எனப் பொதுப்பட மொழிபெயர்ப்பது வழக்கம். ஆனால் இது வெறும் பள்ளத்தாக்கன்று. ஆறானது நெடுங்காலமாகப் பாறையை அறுத்து, இரு மருங்கிலும் செங்குத்தான சுவர்களை நிறுத்தி உண்டாக்கிய பிளவு. மலைப்பிளப்பை விடர் என நம் முன்னோர் வழங்கினர். அச்சொல்லே இதற்குப் பொருந்தும். மாடு வளர்ப்போர் விடரை விரும்பியது அதன் அழகு நோக்கியன்று. சுவர்கள் வேலியாயின; அடியில் ஓடிய ஆறு நீர் தந்தது; மாரிக்காலத்திற் சமவெளியில் வீசும் கடுங்குளிர்க் காற்றுக்கு உட்புறம் ஒதுக்கிடமாயிற்று. முட்கம்பி வேலிக்கு ஜோசப் கிளிடன் என்பார் காப்புரிமை பெற்றதே 1874ஆம் ஆண்டிலேதான். மரம் அரிதான அந்நிலத்தில், இயற்கையே கட்டிவைத்த பட்டியாக விடர் விளங்கியது.

இரண்டாவது சொல் மேய்ச்சல். இங்கே கற்போர் சற்று நிதானித்தல் வேண்டும். இத்தகைய விளம்பரங்களிற் பண்ணையின் பரப்பு பெரும்பாலும் இரு கூறாகத் தரப்படும். ஒன்று உறுதியுள்ள நிலம். மற்றொன்று அரசிடம் அனுமதி பெற்று மேய்க்கும் நிலம். அமெரிக்க மேற்கு மாநிலங்கள் பலவற்றில் நிலத்தின் பெரும் பங்கு மத்திய அரசாங்கத்துக்கு உரியது. அங்கு மேய்க்கும் உரிமையை 1934ஆம் ஆண்டின் டெயிலர் மேய்ச்சற் சட்டம் ஒழுங்குபடுத்தியது. அனுமதிப்பத்திரம் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு வழங்கப்படும். ஒரு பசுவும் அதன் கன்றும் ஒரு மாதம் மேய்வதற்கு இவ்வளவு எனக் கட்டணம் கணிக்கப்படும். அது 1 டொலர் 35 சதத்திற் குறையலாகாது என 1986ஆம் ஆண்டின் ஆணையொன்று வரையறுத்தது. பண்ணையை வாங்குவோர் அவ்வனுமதியைத் தம் பெயருக்கு மாற்றித் தருமாறு கோரலாம். ஆயினும் நிலம் அவருடையது ஆகாது. எனவே, விளம்பரத்திலே கண்ணைக் கவரும் பேரெண்ணிற் பெரும்பகுதி விற்பவருக்கே உரியதாக இல்லாதிருத்தல் கூடும்.

மூன்றாவது சொல் வேட்டை. மானும் மலையாடும் காணியோடு சேர்த்து விற்கப்படுகின்றன என இதனைப் படிப்போர் கருதுவர். அக்கருத்துப் பிழை. அந்நாட்டிலே காட்டு விலங்குகள் நிலவுடைமையாளரின் சொத்தல்ல. மக்கள் பொருட்டு மாநிலம் பேணிக் காக்கும் பொதுவுடைமை. எந்தப் பருவத்தில் வேட்டையாடலாம், எத்தனை கொல்லலாம் என்பவற்றை மாநிலமே விதித்து அனுமதிச்சீட்டு வழங்குகிறது. நிலவுடைமையாளர் விற்பது மானையன்று. மான் நிற்கும் இடத்துக்குச் செல்லும் படலையைத் திறக்கவும் அடைக்கவும் தமக்குள்ள உரிமையையே.

ஆக, புல்லில் ஒரு பங்கு அரசினது, மான் மக்களது. எஞ்சியிருப்பது உறுதியுள்ள மண். அம்மண்ணாவது ஐயத்துக்கு இடமின்றி விற்பவருடையதுதானா? உரைகாரன் சொல்லிய சொல்லுக்கு மட்டுமன்றிச் சொல்லாது விட்டதற்கும் பொருள் காண வேண்டியவன். விளம்பரம் சொல்லாது விட்டதை அறிவதற்கு, விடர்ப் பண்ணைகளுள் மிகப் புகழ் பெற்ற ஒன்றின் வரலாற்றை நோக்குவோம்.

டெக்சாஸ் மாநிலத்தின் வட பகுதியில் ஏறத்தாழ 120 மைல் நீளமும், 800 அடி ஆழமும் கொண்ட பாலோ டூரோ என்னும் விடர் உளது. 1874ஆம் ஆண்டிலே கொமாஞ்சி, கயோவா, செயேன் என்னும் பழங்குடியினர் குளிர்காலத்தைக் கழிக்க அங்கே கூடாரமிட்டிருந்தனர். செப்டெம்பர் 28ஆந் திகதி கேணல் மக்கென்சியின் குதிரைப்படை அவ்விடருள் இறங்கியது. இறந்த மனிதர் சிலரே. ஆனால் கூடாரங்களும் குளிர்காலத்துக்கெனச் சேமித்த உணவும் எரிக்கப்பட்டன. ஏறத்தாழ 1,400 குதிரைகள் பிடிபட்டன. அவற்றுள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை சுட்டுக் கொல்லப்பட்டன. ஊணும் ஊர்தியும் இழந்த மக்கள் அரசு ஒதுக்கிய நிலத்தை நோக்கி நடந்தனர். 1875ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே குவானா பாக்கர் என்னும் கொமாஞ்சித் தலைவரும் சில் கோட்டையிற் சரணடைந்தார்.

மறு ஆண்டே, 1876இல், சாள்ஸ் குட்நைற் என்பவர் 1,600 மாடுகளுடன் அவ்விடருள் இறங்கினார். அங்கு மேய்ந்து நின்ற காட்டெருமைகளை வெளியே துரத்தினார். 1877இல் ஜோன் அடேர் என்னும் அயர்லாந்து நிலக்கிழார் முதலீடு செய்து அவருடன் பங்காளியானார். அடேரின் பெயர் முதலெழுத்துக்களே ஜே.ஏ. பண்ணைக்குப் பெயராயின. ஏக்கர் ஒன்று 75 சதம் என்ற விலையில் நிலம் வாங்கத் தொடங்கிய குட்நைற், நீருள்ள துண்டுகளையும் நல்ல புல்லுள்ள துண்டுகளையுமே தெரிந்தெடுத்தார். நீர் ஒருவர் கையிலானால், நீரற்ற அயல்நிலத்தை வேறெவர் நாடுவர்? பண்ணை உச்சநிலையில் 1,325,000 ஏக்கர் வரை விரிந்து, ஏறத்தாழ ஒரு லட்சம் மாடுகளைக் கொண்டிருந்தது.

அந்த அடேரின் முன்வரலாறும் அறியத்தக்கது. அவர் 1861இல் அயர்லாந்தின் டொனெகல் பகுதியில், டெரிவே என்னுமிடத்திலிருந்த தம் குடியானவர்களில் 47 குடும்பங்களை, 244 பேரை, வீடுகளினின்றும் வெளியேற்றியவர். ஒரு நாட்டிலே குடிகளைத் தாமே வெளியேற்றினார். மறு நாட்டிலே பிறர் வெளியேற்றிய பின்னர் நிலத்தை வாங்கினார். இரண்டிடத்தும் சட்டம் அவர் பக்கமே நின்றது.

1878இல் குவானா பாக்கரும் அவர்தம் மக்களும் வேட்டை நாடி மீண்டும் பாலோ டூரோவுக்கு வந்தனர். காட்டெருமை இல்லை, மாடுகளே நின்றன. பசியால் மாடுகளைக் கொல்லலாயினர். குட்நைற் படைக்கலம் எடுக்கவில்லை. அவர்களுடன் பேசி, உணவுக்கு மாடுகள் தர உடன்பட்டார். அச்செயல் பாராட்டுக்குரியது. ஆயினும் அன்று அவ்விடரில் விருந்தினர் யார், வீட்டுக்காரர் யார் என்னும் வினா எழாமற் போகாது.

குட்நைற்றின் மனைவியார் மேரி ஆன், தோல் வணிகரின் துப்பாக்கிக்குத் தாயை இழந்த காட்டெருமைக் கன்றுகள் சிலவற்றை எடுத்து வளர்த்தார். அவற்றின் வழித்தோன்றல்கள் 1997இல் டெக்சாஸ் மாநிலத்துக்கு அளிக்கப்பட்டன. இன்று அவை கப்ரொக் விடர்ப் பூங்காவில் மேய்கின்றன. துரத்தப்பட்ட விலங்கின் வழித்தோன்றலுக்கு அயலிலே ஓரிடம் கிடைத்தது. துரத்தப்பட்ட மனிதரின் வழித்தோன்றல்களுக்கு அவ்விடர் திரும்பக் கிடைக்கவில்லை.

மாணவருக்கு யான் எழுதிய மறுமொழி சுருக்கமானது. "தம்பி, விடரை வாங்கலாம், ஆனால் அங்கு நீர் வாங்குவது படலையின் திறப்பும் சில பத்திரங்களுமே. உறுதியில் நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருக்கும். முன்னர் அங்கு தீ மூட்டிக் குளிர்காய்ந்தவர் யாரென்று எழுதப்பட்டிராது. அதனை விசாரித்து அறிந்துகொள்ளுதல் படித்தவர் கடன்" என்று எழுதினேன்.

எழுதி முடித்தபின் ஒன்றை நினைந்து சிறிது ஆறுதலடைந்தேன். பாலோ டூரோ விடரின் ஒரு பகுதி 1934 தொடக்கம் மாநிலப் பூங்காவாக உளது. அயர்லாந்திலே அடேர் குடிகளை வெளியேற்றிய நிலமும் இன்று கிளென்வே தேசியப் பூங்காவினுள் அடங்குகிறது. அடேரின் பெயரைக் கேட்டறியாத சிறுவரும் அவ்விரண்டிடத்தும் இன்று தடையின்றி நடக்கின்றனர்.