ஆணியும் மரையும்

முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில் கிணற்றுப் பாசனமும் உண்டு. கோடையில் பம்பின் திருகாணி முறிந்தால் நீரின்றிப் பயிர் வாடும். ஆயினும் உழவர் தேனிக்குச் சென்று புதிய ஆணி வாங்கி வந்து பொருத்திவிடுகிறார். எங்கோ செய்யப்பட்ட ஆணி, பம்பிலுள்ள நட்டுக்கு இசைவது எங்ஙனம்?

ஆணியைச் சுற்றி ஏறும் வரிப்பள்ளம் மரை எனப்படும். முற்காலத்தில் பட்டறைதோறும் மரை வேறுபட்டது. 1841இல் ஆங்கிலேயரான ஜோசப் விட்வொர்த், மரையின் கோணம் 55 பாகை என வகுத்தார். 1864இல் அமெரிக்கரான வில்லியம் செல்லர்ஸ் 60 பாகை என்றார். அரை அங்குல ஆணியில், ஓர் அங்குலத்திற்கு முன்னவர் முறையில் 12 மரைகள். பின்னவர் முறையில் 13. பார்வைக்கு இரண்டும் ஒன்றே, முடுக்கினால் பொருந்தா. இரண்டாம் உலகப் போரில் இவ்வேறுபாட்டால் நேச நாடுகள் இடர்ப்பட்டன. எனவே 1948இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகியவை ஒரே மரைக்கு உடன்பட்டன.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவையை ஏற்ற இந்தியா, பின்னர் 60 பாகை மெட்ரிக் மரையைத் தரமாகக் கொண்டது. இதன்படி 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரண ஆணியில், ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.5 மில்லிமீட்டர், எந்த ஊரில் செய்தாலும் இதுவே அளவு. பழைய அங்குல மரையுள்ள பொறிகளும் ஆங்காங்கே உள. ஆதலின் மரையறிந்து ஆணி வாங்குதல் வேண்டும். மாறுபட்டதை வலிந்து முடுக்கினால் ஆணியும் நட்டும் ஒருங்கே கெடும்.