கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை

புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் சேரும் நோயாளியிடம் ஓர் ஒப்புதல் படிவத்தைக் கொடுப்பார்கள். பெயர், வயது, முகவரி, படிப்பு, தொழில், ஆண்டு வருமானம் என்று கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் நாமினி யார், அவர் உங்களுக்கு என்ன உறவு என்றும் கேட்கும். அரசு அலுவலகத்து விண்ணப்பத்தை நிரப்புகிற பழக்கத்தில் பலரும் அதையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கட்டம் அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. ஆய்வின் விளைவாக உயிர் போனால் இழப்பீட்டை யாரிடம் கொடுப்பது என்பதற்காகத்தான் அது கேட்கப்படுகிறது. விரலை அந்த இடத்தில் வைத்து, "இது எதுக்கு டாக்டர்?" என்று கேளுங்கள். வருகிற பதிலை வைத்தே, உங்களிடம் எவ்வளவு திறந்த மனதோடு பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஆபரேஷனுக்கு முன்பு வாங்குகிற கையெழுத்தும் இதுவும் ஒன்றல்ல. சிகிச்சையில் டாக்டரின் கவனமெல்லாம் உங்கள் நோயின் மீது இருக்கும். ஆய்வில் அதோடு சேர்ந்து இன்னொரு நோக்கமும் உண்டு. இந்த மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு விடை தேடுகிறார்கள். உங்களுக்குப் புது மருந்தா, பழைய மருந்தா, மருந்தே கலக்காத பிளசிபோ மாத்திரையா என்பதைப் பெரும்பாலான ஆய்வுகளில் கம்ப்யூட்டர் குலுக்கல்தான் முடிவு செய்யும். எது கொடுக்கப்படுகிறது என்பது பல ஆய்வுகளில் டாக்டருக்கே தெரியாது. "ஃபாரின் மருந்தும்மா, உங்களுக்கு ஃப்ரீயா கிடைக்குது" என்று மட்டும் சொல்லி ஒருவரைச் சேர்த்தால், அவரிடம் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்றே அர்த்தம்.

அதற்காக ஆய்வு என்றாலே பயந்து ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கொரோனா காலத்தில் பிளாஸ்மா டோனர் தேடி வாட்ஸ்அப் குழுக்களில் குடும்பங்கள் கதறியது நினைவிருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020ல் நாடு முழுக்க 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் பிளாஸ்மா கொடுத்து ஆராய்ந்தது. நோய் முற்றுவதையோ மரணத்தையோ பிளாஸ்மா குறைக்கவில்லை என்று தெரிந்தது. 2021 மே மாதம் அரசின் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து அது நீக்கப்பட்டது. அந்த 464 பேர் சம்மதித்திராவிட்டால் இன்னும் எத்தனை குடும்பங்கள் பிளாஸ்மா பையைத் தேடி அலைந்திருக்கும்!

நம் சென்னையிலேயே இதைவிடப் பெரிய உதாரணம் இருக்கிறது. காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும் என்றிருந்த காலம் அது. 1956ல் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் இன்னொரு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு மாத்திரை கொடுத்தது. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள். சானடோரியத்தில் கிடைத்த சாப்பாடும் ஓய்வும் அவர்களுக்குக் கிடையாது. ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் உடன் இருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959ல் வெளியான அந்த முடிவு உலகமெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. நம் ஊர் ஏழை நோயாளிகள் கொடுத்த கொடை அது.

கொடை என்றால் கொடுப்பவருக்குத் தெரிந்து கொடுக்க வேண்டும். கம்மம் மாவட்டத்தில் அப்படி நடக்கவில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைச் சிறுமிகளுக்குப் போட்டுப் பார்க்கும் ஆய்வு 2009ல் அப்போதைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் தொடங்கியது. ஏழு சிறுமிகள் இறந்ததையடுத்து 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்குத் தடுப்பூசிதான் காரணம் என்று அரசு அமைத்த விசாரணைக் குழு சொல்லவில்லை. அந்தத் தடுப்பூசி இன்று பல நாடுகளில் பெண் பிள்ளைகளைக் காத்துவருகிறது, அதைப் போடத் தயங்க வேண்டாம். குற்றம் வேறு இடத்தில் இருந்தது. ஆந்திராவில் கிடைத்த 9,543 படிவங்களில் 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதி வார்டன்கள். அந்தப் படிவங்களில் பெற்றோரின் கையெழுத்து இல்லை. நாடாளுமன்ற நிலைக்குழு 2013ல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. இந்தூரைச் சேர்ந்த ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு முறையற்ற மருந்து ஆய்வுகளை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு தலையிட்டது. இன்று நம் கையில் இருக்கும் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகள் இப்படிப்பட்ட அநியாயங்களுக்குப் பிறகு வந்தவை.

அந்த விதிகள் உங்களுக்கு என்ன தருகின்றன? முதலில் நேரம். ஓ.பி. வரிசையில் நிற்கும்போதே முடிவெடுக்க வேண்டியதில்லை. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சிட்டு வர்றோம் சார்" என்று சொல்லலாம். தகவல் தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி, விளக்கம் தொடங்கியது முதல் முடியும்வரை கூடவே இருந்து கையெழுத்துப் போட வேண்டும். கைரேகை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்புவது முறைகேடு. இதுவரை எந்த நாட்டிலும் விற்பனைக்கு அனுமதிக்கப்படாத புத்தம்புது மருந்தாக இருந்து, சேருகிறவர் ஏழையோ தீராத நோயாளியோ சிறுவரோ என்றால், ஒப்புதல் பெறும் நிகழ்வையே பொதுவாக வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். நிரப்பிய படிவத்தின் நகல் ஒன்று உங்கள் கைக்கு வந்தே ஆக வேண்டும். நகல் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

ஆய்வுக்கென்று எடுக்கும் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மருந்து எதற்கும் உங்களிடம் காசு கேட்கக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம். விலகியதால் அந்த மருத்துவமனையில் வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சை நின்றுவிடக் கூடாது. ஆனால் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்க முடியும். பணத்துக்காக ஆரோக்கியமான இளைஞர்கள் சேரும் ஆய்வுகளிலும் இந்த உரிமைகள் பொருந்தும். ஓர் ஆய்வு முடிந்ததை மறைத்து அடுத்ததில் சேர்வது மட்டும் அவர்கள் உடலுக்கே ஆபத்து. முந்தைய மருந்தின் மிச்சம் உடம்பில் இருக்கும்போதே அடுத்தது உள்ளே போகும்.

பாதிப்பு ஏற்பட்டால், அது ஆய்வால் வந்ததல்ல என்று உறுதியாகும்வரை, தேவைப்படும் சிகிச்சை முழுவதும் இலவசம். ஆய்வால்தான் என்று தெரிந்தால் அதற்கு மேல் இழப்பீடும் உண்டு. மருந்தின் பக்கவிளைவை மட்டும் சட்டம் பாதிப்பாகக் கருதவில்லை. நல்ல சிகிச்சை இருக்கும்போது அதைக் கொடுக்காமல் பிளசிபோ கொடுத்ததால் நோய் முற்றினாலும், ஆய்வுக்காகச் செய்த பரிசோதனையில் காயம் பட்டாலும், கருவில் இருக்கும் குழந்தைக்குக் கேடு வந்தாலும் இழப்பீடு உண்டு. மரணத்துக்கான தொகை 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் கடுமையையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. அது 4 லட்சத்திலிருந்து 73 லட்சத்துக்கு மேல்வரை வரலாம். 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்த நோயாளி என்றால் 2 லட்சம். இந்தக் கணக்கில் வருமானம் சேராது. கூலி வேலை செய்பவர் என்று சொல்லி யாரும் தொகையைக் குறைக்க முடியாது.

உடல்நிலை மோசமானால் முதலில் படிவத்தில் உள்ள ஆய்வு டாக்டரின் எண்ணுக்கு அழையுங்கள். வேறு மருத்துவமனைக்கு அவசரமாகப் போக நேர்ந்தால் படிவ நகலைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே இருக்கும் டாக்டருக்கு நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று தெரிய வேண்டும். கடுமையான பாதிப்பைப் பற்றி ஆய்வு டாக்டர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் ஆய்வைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் மருந்து நிறுவனத்துக்கும் தெரிவித்தாக வேண்டும். "ரிப்போர்ட் பண்ணிட்டீங்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். மழுப்பினால் நெறிமுறைக் குழுவுக்கு நீங்களே எழுதுங்கள். அதன் தொடர்பு எண்ணும் படிவத்திலேயே இருக்கும். அந்தக் குழுவில் பாதிப் பேராவது மருத்துவமனைக்கு வெளியே உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. அங்கும் அசைவில்லை என்றால் சென்னையில் உள்ள மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தென் மண்டல அலுவலகத்துக்கு மனு கொடுக்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். ஆய்வு உண்மையில் அனுமதி பெற்றதுதானா என்பதை இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவேட்டின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். 2009 ஜூன் முதல் அங்கே பதிவு செய்வது கட்டாயம்.

சொல்லவே மனம் வராத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆய்வில் இருந்தவர் இறந்துவிட்டால், துக்கத்தில் குடும்பம் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லிவிடுவது நடக்கிறது. அதன் பிறகு மரணத்துக்கும் மருந்துக்கும் தொடர்பு உண்டா என்று நிறுவுவது கடினமாகிவிடும். பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதியுங்கள், அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். மரணம் பற்றிய அறிக்கை கிடைத்ததிலிருந்து 30 நாட்களுக்குள் நெறிமுறைக் குழு இழப்பீடு பற்றித் தன் கருத்தைச் சொல்லும். 90 நாட்களுக்குள் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவு போடும். அதிலிருந்து 30 நாட்களுக்குள் நிறுவனம் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். இந்த மூன்று கெடுவையும் ஒரு தாளில் எழுதி, படிவ நகலோடு சேர்த்து நாமினியிடம் கொடுத்து வையுங்கள்.