முகர்ந்து பார்த்தால் மெத்தனால் தெரியுமா? சாராய வாசனையை லேபில் அளப்பது எப்படி?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதம் விஷச்சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு ஓராண்டு முன்பு, 2023 மே மாதம், மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் இதே துயரம். அங்கே குடித்தது சாராயமே இல்லை, ஃபேக்டரிகளில் பயன்படும் மெத்தனால் என்பது தடய அறிவியல் ஆய்வில் தெரியவந்தது.

பழகின மூக்குக்குக் கூடவா வித்தியாசம் தெரியல? தெரியாது என்பதுதான் பதில். ஏன்னு பார்ப்போம்.

மூக்கு ஏன் ஏமாறுது?

குடிக்கிற மதுவில் இருப்பது எத்தனால். விஷம் மெத்தனால். இரண்டுக்கும் நிறம் கிடையாது. வாசனையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எத்தனாலில் மெத்தனால் கலந்துவிட்டால் மூக்கால் பிரிக்க முடியாது. 'பத்த வெச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும்' என்பதும் தப்பு. இரண்டுமே எரியும்.

அப்போ மதுவின் வாசனை எங்கிருந்து வருது?

புளிக்கும்போது ஈஸ்ட் எத்தனாலை மட்டும் உருவாக்குவதில்லை. கூடவே பல வாசனைப் பொருட்களும் உருவாகின்றன. ஐசோஅமைல் அசிட்டேட் வாழைப்பழ வாசனை தரும். அசிட்டால்டிஹைடு பச்சை ஆப்பிள் போல இருக்கும். எத்தில் அசிட்டேட் அளவு கூடினால் நெயில் பாலிஷ் ரிமூவர் நெடி அடிக்கும். இவை ரொம்பக் குறைந்த அளவில்தான் இருக்கும். ஆனால், மூக்குக்கு முதலில் தெரிவது இவைதான். அந்த வாசனைக்குள் மெத்தனால் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும்.

லேபில் என்ன செய்வாங்க?

இதற்கான முறையின் பெயர் கேஸ் குரோமட்டோகிராஃபி. ரசப் பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் ஆவி முதலில் மூக்கில் ஏறும் இல்லையா? அதே கதைதான்.

1. மாதிரியைச் சின்ன பாட்டிலில் அடைத்து, இறுக மூடி சூடாக்குவார்கள். மேலே ஆவி சேரும்.

2. அந்த ஆவியை ஊசியால் எடுத்து, வளையமாகச் சுருட்டிய பல மீட்டர் நீளக் குழாய்க்குள் செலுத்துவார்கள். ஹீலியம் அல்லது நைட்ரஜன் வாயு அதைத் தள்ளிக்கொண்டு போகும்.

3. குழாயின் உள்பூச்சில் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு அளவில் ஒட்டும். அதனால் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். வழக்கமாக மெத்தனால் முந்தும், எத்தனால் பின்னால் வரும்.

4. ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டர் திரையில் ஒரு முகடு விழும். வந்த நேரம், அது என்ன பொருள் என்று சொல்லும். முகட்டின் பரப்பு, எவ்வளவு என்று சொல்லும்.

சந்தேகம் இருந்தால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவி, மூலக்கூறை உடைத்து அதன் துண்டுகளை வைத்து உறுதி செய்யும். மது ஆலைகள் தரத்தைப் பார்ப்பதும், போலி மதுவைக் கண்டுபிடிப்பதும் இதே முறையில்தான். மெத்தனால், எஸ்டர், ஆல்டிஹைடு போன்றவற்றுக்கு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-ல் விதிமுறைகள் வகுத்துள்ளது.

சீல் ஏன் முக்கியம்?

அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலம் மாதிரி ஒரு ஊரில் சாராயம் பிடிபடுவதாக வைத்துக்கொள்வோம். ஸ்டேஷனில் முகர்ந்து பார்த்து அது விஷமா, இல்லையா என்று சொல்லிவிட முடியாது. மாதிரி லேபுக்குப் போக வேண்டும். மெத்தனால் 65 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். எத்தனாலுக்கு 78 டிகிரி. மூடி சரியாக இல்லாவிட்டால், வெயிலில் ஆவியாகி ரிசல்ட்டே மாறிவிடும். கோர்ட்டில் கேஸ் நிற்பதும் அந்த சீலைப் பொறுத்துத்தான்.

ரிசல்ட்டுக்குக் காத்திருக்கலாமா?

கூடவே கூடாது. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பைத் தாக்கும். ஆனால் குடித்ததும் அறிகுறி தெரியாது. சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகலாம். 'எனக்கு ஒண்ணும் ஆகலையே' என்று வீட்டில் படுத்திருப்பதுதான் பெரிய ஆபத்து.

வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல், கண் மங்கல். குடித்தவருக்கு இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108-க்கு போன் செய்யுங்கள். என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கூடக் குடித்தவர்கள் நல்லா இருந்தாலும் அவர்களையும் அழைத்துப் போங்கள். மாற்று மருந்தும் டயாலிசிஸும் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ, உயிரும் பார்வையும் தப்ப அவ்வளவு வாய்ப்பு.