படைமரத்துக்கு எந்த உப்புத்தாள்?

காஞ்சிபுரத்துத் தறியில் நெய்த சேலை சுற்றிக்கொள்வது படைமரத்தில். அதில் ஒரு சிலாம்பு நீட்டியிருந்தால் போதும், பட்டிழை மாட்டி இழுபடும்.

பழைய மரத்தை மெஷினில் தேய்க்குமுன் ஆணி தேட வேண்டும். இரும்பில் பட்டால் பொறி பறக்கும். அது தூசுப் பையில் விழுந்தால் தீ. ஈரமும் பழைய பெயின்டும் தாளை அடைத்துவிடும். அடைத்த தாள் அறுக்காது, சூடாக்கும், மரம் கருகும்.

தாளின் எண் கூடினால் மணி சிறுக்கும். 80-இல் தொடங்கி 120, 180 என ஏறவேண்டும். முந்தைய தாளின் கீறலை அடுத்தது அழிக்கும். அவசரக்காரர்கள் நடுவில் ஒன்றைத் தாண்டுவார்கள், கீறல் அப்படியே நிற்கும். தாளில் ஒட்டும் மணிகளில் சிலிக்கன் கார்பைடு கடினமானது, ஆனால் நொறுங்கும். மரத்தில் நின்று உழைப்பது அலுமினியம் ஆக்சைடு.

பிறகு ஈரத்துணியால் துடைத்தால் நார் சிலிர்க்கும். காய்ந்தபின் 220 போடலாம்.

மூக்கில் கட்டும் கைக்குட்டை போதாது. மரத்தூசு புற்றுநோய் தரும் என 1995-இலேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது.